டெண்டர் விலை எங்கே கசிகிறது?

சென்னையில் மழைநீர் வடிகால், சாலை வேலைகளுக்கு டெண்டர் போடும் சிறு ஒப்பந்ததாரர்கள் கவனத்துக்கு.

அரசு டெண்டர் தளத்தில் ஏற்றும் விலைப் பட்டியல் பூட்டப்பட்டுவிடும். குறித்த நாளில், நியமிக்கப்பட்ட அதிகாரிகள் தங்கள் டிஜிட்டல் கையொப்ப டோக்கனை (பென்டிரைவ் போன்ற கருவி) கணினியில் செருகினால்தான் திறக்கும். ஆனால் அந்த விலைப் பட்டியலின் எக்செல் கோப்பை, உங்கள் டோக்கன், பாஸ்வேர்டோடு சேர்த்து பிரவுசிங் சென்டரில் கொடுத்துவிட்டு வந்தால் எந்தப் பூட்டும் காப்பாற்றாது. போட்டியாளரும் அதே கடைக்கு வரலாம். ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் அடையாள எண்) இரண்டு விலை போனால் கூட்டுச்சதி சந்தேகமும் கிளம்பும். தயவுசெய்து சொந்தக் கணினியில் நீங்களே ஏற்றுங்கள்.

தொழில்நுட்ப விவரத்தையும் விலையையும் தனித்தனி உறையில் தரும் இரண்டு உறை முறையில், தொழில்நுட்ப உறைக்குள் விலை தெரியும் ஒரு தாள் போனாலும் நிராகரித்துவிடுவார்கள்.

டெண்டர் போடத் தரும் அவகாசத்தையும் பாருங்கள். தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மை விதிகள் 2000-இன்படி, 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள். குறைப்பதென்றால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். மூன்றே நாள் கொடுத்தால், விவரம் முன்கூட்டியே தெரிந்தவர் மட்டுமே தயாராக இருப்பார். இது அப்பட்டமான அநியாயம். அந்தக் காரணத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். டெண்டரை யாருக்குக் கொடுப்பது என்ற முடிவில் குறை இருந்தால், தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இன் 11-ஆம் பிரிவின்கீழ் 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.