மருதமலைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள்

கோவையில் எக்கோ அறையில், அதாவது இதயத்தை ஸ்கேன் எடுக்கும் அறையில், 11 வருடமாக வேலை பார்க்கிறேன். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே கதவு மாதிரி இருக்கும் மைட்ரல் வால்வில் கசிவோடு வருகிறவர்களிடம் "மாடி ஏறினா மூச்சு வாங்குதா?" என்று கேட்டால் நிறையப் பேர் இல்லை என்பார்கள், அது பொய்யும் இல்லை, ஏனென்றால் அவர்கள் மாடி ஏறுவதையே விட்டிருப்பார்கள்.

போன மாதம் வந்த அம்மாவுக்கு 58 வயது. கசிவு கடுமையானதுதான், ஆனால் படுக்க வைத்துப் பார்த்தபோது வலது பக்கக் கதவான ட்ரைகஸ்பிட் வால்வு வழியாகப் பின்னால் தெறிக்கும் ரத்தத்தின் வேகம் விநாடிக்கு 2.6 மீட்டர். அதை அதாலேயே பெருக்கி, 4 மடங்காக்கி, வலது மேலறைக்கு ஒரு 5 சேர்த்தால் நுரையீரல் தமனி அழுத்தம் 32 (மி.மீ. பாதரசத்தில்). பயப்பட ஒன்றுமில்லை. "எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல கண்ணு, கிருத்திகைக்குக் கிருத்திகை மருதமலை போயிட்டு வர்றேன்" என்றார். படியிலயாங்கம்மா என்று கேட்டேன். "ரெண்டு வருசமா பஸ்ஸுதான். படியில போனா பொழுது போயிருதில்ல."

டாக்டரிடம் சொன்னேன். ட்ரெட்மில்லில் நடக்க வைத்து எடுக்கச் சொன்னார்.

இந்த டெஸ்ட்டில் நான் சேர்ந்த புதிதில் ஒரு தப்புச் செய்திருக்கிறேன். நடந்து முடித்தவரை மெதுவாக இறக்கி, தண்ணீர் கொடுத்து, கட்டில்வரை கூட்டிப்போய், ஜெல் தடவி ப்ரோபை (நெஞ்சில் வைக்கும் ஸ்கேன் கருவியை) வைத்தபோது இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடியிருந்தது, அழுத்தமும் இறங்கியிருந்தது, நான் நார்மல் என்று எழுதிவிட்டேன். இப்போது கட்டில் ட்ரெட்மில்லை ஒட்டியே கிடக்கிறது. ப்ரோப் வைக்கவேண்டிய இடத்தை முன்கூட்டியே நெஞ்சில் பேனாவால் குறித்துவிடுவேன். இறங்கியதும் இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து ஒரு நிமிடத்துக்குள் எடுத்தாகவேண்டும். படுத்தபடியே மிதிக்கும் சைக்கிள் இருந்தால் இந்த ஓட்டமே வேண்டாம், எங்களிடம் இல்லை.

அந்த அம்மா ஐந்தாவது நிமிடத்தில் "போதும் கண்ணு, நிறுத்து" என்று கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ரத்தத்தின் வேகம் 3.8, அழுத்தம் 63. நடக்க நடக்க இதயம் அதிக ரத்தத்தைத் தள்ளவேண்டும், சிலருக்கு அப்போது கசிவும் கூடுகிறது, பின்னால் போகிற ரத்தம் இடது மேலறையில் தேங்கி நுரையீரல்வரை அழுத்துகிறது. உட்கார்ந்திருக்கும்வரை இது எதுவும் வெளியே தெரியாது.

சரி, 63 என்றால் உடனே ஆபரேஷனா? அப்படியும் இல்லை. ஐரோப்பிய இதயநோய் வழிகாட்டுதல்கள் 2012-இல், அறிகுறி இல்லாதவர்களுக்கும் உடற்பயிற்சியில் இந்த அழுத்தம் 60-ஐத் தொட்டால் வால்வைச் சரிசெய்வதை யோசிக்கலாம் என்றன, 2017-இல் அதை எடுத்துவிட்டார்கள். வயதானால் வால்வு நன்றாக இருப்பவர்களுக்கும் அந்த எண் வரலாம். எனக்கென்னவோ எண்ணைவிட அந்த பஸ்தான் பெரிய தடயமாகப் பட்டது. அதனால் ரிப்போர்ட்டில் 63-க்குக் கீழே, எழுதலாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, "இரண்டு வருடமாகப் படி ஏறுவதில்லை" என்றும் சேர்த்தேன்.

டாக்டர் அந்த வரியில்தான் பேனாவை வைத்து, "படியில ஏறி எத்தனை நாளாச்சும்மா?" என்று ஆரம்பித்தார். அந்த அம்மா என்னைத் திரும்பி ஒரு முறை முறைத்தார்.