பில் கவுண்டரில் சொல்லும் பத்து இலக்கம்

"நாம பேசுறத போன் ஒட்டுக் கேக்குது" என்று சொல்லாத ஆளே இப்போது இல்லை. பகலில் கடையில் பார்த்த புடவை ராத்திரி இன்ஸ்டாகிராமில் வந்து நின்றதாம். ஜவுளிக் கடைகளுக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. ஒட்டுக் கேட்கத் தேவையே இல்லை என்றால் யாரும் நம்புவதில்லை.

பில் போடும்போது "மொபைல் நம்பர் சொல்லுங்க" என்பார்கள். இடுப்பில் குழந்தை, பின்னால் வரிசை. சொல்லிவிடுவோம். அந்த நம்பர்கள் எக்செல் கோப்பாக என்னிடம் வரும். விளம்பரக் கணக்கில் ஏற்றினால், ஒவ்வொன்றும் புரியாத எழுத்துக் கோவையாக மாறி, ஃபேஸ்புக் கணக்குகளோடு ஒப்பிடப்படும். பொருந்தியவர்களுக்கு விளம்பரம் போகும். அப்புறம் லுக்கலைக் என்று ஒன்று இருக்கிறது. இந்த வாடிக்கையாளர்களோடு அதிகம் ஒத்துப்போகிற, நாட்டின் ஒரு சதவீதப் பயனர்களை அதுவே பொறுக்கித் தரும். அவர்களில் பலர் அந்தக் கடை வாசலை மிதித்தவர்கள்கூட இல்லை. அடுத்தவர் கொடுத்த நம்பரால் இவரும் பட்டியலில் சேர்கிறார். இந்தத் தொழிலில் என்னை உறுத்துவது இதுதான்.

பெண்கள் பலர் கணவர் நம்பரைத்தான் சொல்கிறார்கள். தெரியாதவன் கூப்பிட்டுத் தொல்லை கொடுப்பான் என்ற பயம், நியாயமான பயம். "பட்டுப்புடவைய ஆம்பளைங்களுக்கு ஏன் சார் காட்டுறீங்க?" என்று ஒரு முதலாளி சத்தம் போட்டார். உங்க லிஸ்டே அப்படித்தான் சார் என்றேன்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. எதற்காக என்று சொல்லி, சம்மதம் வாங்கித்தான் தகவலைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதே ஆண்டு மே மாதம், நம்பர் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறையும் கடைகளுக்கு அறிவுறுத்தியது. கவுண்டரில் இன்னும் "சிஸ்டம் கேக்குதுங்க" என்பதுதான் பதில்.

ஆனால் தர மறுப்பவர்களும் பெருகிவருகிறார்கள். கவுண்டர் பெண்கள் என்ன செய்வார்கள், ஒன்பதைப் பத்து தடவை தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். லிஸ்ட் வந்ததும் அந்த வரிகளை நீக்குவதுதான் என் முதல் வேலை. இதைத் தடுக்க ஓடிபி வைக்கலாமா என்று ஒரு மேனேஜர் கேட்டார். தீபாவளிக் கூட்டம் தேங்கிடும் சார், வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.