கயிற்றை மிதிக்காதீர்கள்

எங்கள் தீயணைப்பு நிலையத்தில் மீட்புக் கயிறுகள் என் பொறுப்பில் இருக்கின்றன. புதிதாகச் சேரும் பையன்களிடம் நான் முதலில் சொல்வது, கயிற்றை மிதிக்காதே என்பதுதான். "ஏன் அண்ணே, கால் பட்டால் பாவமா?" என்று சிரிப்பார்கள். பாவமில்லை, மணல். பூட்ஸ் அடியில் ஒட்டிய மணல் கயிற்றுக்குள் அழுந்திவிட்டால், எடை ஏறும்போதெல்லாம் உள்ளிருந்தே இழைகளை அறுக்கும். வெளியில் ஒன்றும் தெரியாது.

இந்தக் கயிற்றின் பலமெல்லாம் பெரும்பாலும் உள்ளே நீளவாக்கில் ஓடும் இழைக்கட்டில்தான். பின்னல் போன்ற மேலுறை அதற்குக் காவல். நாம் பார்ப்பதோ மேலுறையை மட்டும். 12.5 மில்லிமீட்டர் கயிற்றின் சீட்டில் 40 கிலோநியூட்டன் என்று போட்டிருக்கும். ஏறக்குறைய 4,000 கிலோ எடை. அது புதுக் கயிற்றின் கணக்கு. பழகிய கயிற்றில் எவ்வளவு மிச்சம் என்று அறிய அதை அறுந்துபோகும்வரை இழுத்துத்தான் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு கயிறு ஏது?

ஆகவே விரல்களை நம்புகிறேன். கையுறையைக் கழற்றிவிட்டு, கயிற்றை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக விரல்களுக்கிடையே இழுப்பேன். நல்ல கயிறு ஒரே சீராக உருண்டு வரும். ஓரிடத்தில் தட்டையாகவோ, சதைப்பிடிப்பில்லாமல் தொளதொளவென்றோ பட்டால் உள்ளே சேதம். கண்ணாடிபோல் பளபளத்து விறைத்திருந்தால் உராய்வுச் சூட்டில் உருகியிருக்கிறது. சிறு வளையமாக மடித்துப் பார்த்தால் போதும். சேதமான இடம் வளையாமல் கூர்மையாக ஒடியும். இதைச் செய்யும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் எனக்குக் கோபம் வரும்.

நைலான் அதன் வகையைப் பொறுத்து 220 முதல் 260 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். அதனால்தான் தீயிலிருந்து தப்பும் கயிறுகளுக்கு அதிகச் சூடு தாங்கும் அராமிட் இழை. நைலானுக்கு அமிலமும் ஆகாது. பேட்டரிக்குப் பக்கத்தில் கயிற்றுப் பையை வைப்பவர்களை நான் மன்னிப்பதில்லை. வண்டியை இழுக்க மீட்புக் கயிற்றைக் கேட்பவர்களுக்கும் அதே மரியாதைதான். ஒருமுறை வண்டி இழுத்தது மறுபடி ஆளை இறக்கக் கூடாது.

துவைப்பதில் பெரிய வித்தை இல்லை: குளிர்ந்த தண்ணீர், மென்மையான சோப்பு, பிளீச்சிங் கூடாது, நிழலில் உலர்த்தல். நன்றாக உலர்ந்த பிறகே பைக்குள் போக வேண்டும். அதையும் சுருட்டி வைக்காமல் பிடிபிடியாகத் திணித்தால் அவசரத்தில் சிக்கில்லாமல் வெளியே வரும்.

ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு பதிவேடு உண்டு. எப்போது வந்தது, எங்கே போனது, எந்த விளிம்பில் உரசியது எல்லாம் அதில் இருக்கும். வெறும் எழுத்து வேலை என்று சலித்துக்கொள்பவர்களுக்கு 1980-ஐச் சொல்வேன். அந்த ஆண்டு நியூயார்க்கில் ஒரு மீட்பின்போது கயிறு அறுந்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் உயிர்காப்புக் கயிறுகளுக்கென்று என்எஃப்பிஏ 1983 என்ற தரநிலை அமெரிக்காவில் வந்தது. என்எஃப்பிஏ என்பது அங்குள்ள தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம்; 1983 தரநிலையின் எண், ஆண்டல்ல. முதல் பதிப்பு 1985.

சந்தேகம் வந்த கயிற்றை ஒதுக்கி வைத்தால் மட்டும் போதாது. அவசரத்தில் யாராவது எடுத்துவிடுவார்கள். நான் ஒரு முழ நீளத்துக்குத் துண்டுதுண்டாக வெட்டி, முடிச்சுப் பழகப் பையன்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். அந்த நீளத்தில் யாரும் தொங்க முடியாது.