வாடகை வீட்டு நாட்குறிப்பு: அட்வான்ஸ் முதல் காலி செய்வது வரை

ஏப்ரல் 28, 2024

பரீட்சை முடிந்தாயிற்று. சென்னையில் வீடு மாறும் சீசன் இது. எங்கே பார்த்தாலும் அக்ரிமென்ட் பேச்சுதான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது பதிவுச் சட்டம். அதற்குப் பயந்து வந்ததுதான் 11 மாத அக்ரிமென்ட். 2017-இல் இயற்றிய தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22-இல் அமலுக்கு வந்ததும் அந்தக் கணக்கு அடிபட்டுப்போனது. 11 மாதமோ மூன்று வருஷமோ, எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிந்து எண்ணும் வாங்க வேண்டும். முத்திரைத்தாளில் எழுதி பீரோவுக்குள் வைத்தால் போதாது.

அட்வான்ஸுக்குச் சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. ஆனால் வேறு ஒப்பந்தம் இருந்தால் அதுவே செல்லும் என்று ஒரு சந்தும் விட்டிருக்கிறது. ஐந்து மாதம், ஆறு மாதம் என்று கேட்பது அந்தச் சந்தில்தான். எத்தனை மாதமானாலும் பேங்க் வழியாகக் கொடுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டத்தில் இருந்தாலும் அக்ரிமென்டிலும் ஒரு வரி இருக்கட்டும். சட்டத்தை யாரும் புரட்டுவதில்லை, அக்ரிமென்டைப் புரட்டுவார்கள்.

மே 5

சாவி கைமாறும் நாள். பால் காய்ச்சுவதற்கு முன்பே வீட்டுக்காரரும் குடிவருபவரும் சேர்ந்து ஒரு சுற்று வரவேண்டும். ஃபேனை எல்லா ஸ்பீடிலும் போட்டுப் பாருங்கள், குழாய்களைத் திறந்து மூடுங்கள், ஃபிளஷை அழுத்தி நிற்கிறதா பாருங்கள். போட்டோ எடுக்கும்போது எல்லோரும் ஹாலை எடுக்கிறார்கள். பின்னால் சண்டை வருவதோ பாத்ரூம் கதவின் அடிப்பக்கத்துக்கும் சிங்க் அடியில் இருக்கும் பலகைக்கும்தான். தண்ணீர் பட்டு உப்பிய பிளைவுட்டைக் குனிந்து கிட்டத்தில் எடுங்கள். சுவரில் இருக்கும் ஆணி ஓட்டைகளும், இ.பி. மீட்டர் ரீடிங்கும் படத்தில் வரட்டும். அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் தேதி தானாக நின்றுவிடும்.

ஜூன் 16

கரண்ட் பில். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வரும் இந்தச் சண்டைக்குக் காரணம் ஒரே சர்வீஸில், அதாவது ஒரே மின் இணைப்பில், இரண்டு மூன்று போர்ஷன் ஓடுவது. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம், ஆனால் அது ஒரு சர்வீஸுக்கு மட்டும்தான். யூனிட் ஏற ஏற விலையும் அடுக்கடுக்காக ஏறும்; மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கின் சலுகை விலையும் போய்விடும். தனியாக இருந்தால் 240 யூனிட்டோடு நிற்கும் குடித்தனம், கூட்டு மீட்டரில் மேல் அடுக்கின் விலையைச் சுமக்கிறது. "யூனிட்டுக்கு 9 ரூபாய் கொடுங்க சார்" என்று வீட்டுக்காரர் சொல்லும்போது கசப்பு வருவது அதனால்தான்.

நியாயமான வழி சராசரி விலை. பில் 3,000 ரூபாய், மொத்தம் 600 யூனிட் என்றால் யூனிட் 5 ரூபாய். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனியாக வைத்த சப் மீட்டரில் மாடி 240, கீழே 310. மிச்சம் 50 யூனிட் மோட்டாரும் படிக்கட்டு விளக்கும். மாடிக்கு 240-உடன் பொதுவில் பாதி 25 சேர்த்து 265 யூனிட், 1,325 ரூபாய். பில்லின் நகலும் இரண்டு ரீடிங் படங்களும் சேர்ந்தே போகட்டும்.

சப் மீட்டர் மேல் சந்தேகமா? எல்லா சுவிட்சையும் அணையுங்கள், ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்குங்கள். அதற்குப் பிறகும் மீட்டரின் சிவப்பு விளக்கு சிமிட்டினால் பக்கத்துப் போர்ஷன் ஒயர் கலந்திருக்கிறது, அல்லது எங்கோ லீக்கேஜ். சிமிட்டவில்லையென்றால் பக்கெட்டில் 1,500 வாட் ஹீட்டர் ராடை மட்டும் 20 நிமிஷம் போடுங்கள். அரை யூனிட் ஏறவேண்டும். இஸ்திரிப் பெட்டி வேண்டாம். சூடானதும் தானே அணைந்து அணைந்து எரியும், கணக்கு வராது.

ஆகஸ்ட் 11

சொட்டும் குழாய் யார் செலவு? சட்டத்தின் அட்டவணைப்படி வாஷர், குழாய், சுவிட்ச், தாழ்ப்பாள், உடைந்த ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவருடையது. கட்டட ரிப்பேர், வெள்ளையடிப்பு, தண்ணீர் பைப் மாற்றுவது, ஒயரிங் வீட்டுக்காரருடையது. கீசர் ரிப்பேர் குடியிருப்பவர் பக்கம் விழுகிறது என்பது பலருக்கும் தெரியாது. பழைய கீசரோடு வரும் வீட்டுக்கு இதை மட்டும் அக்ரிமென்டில் மாற்றி எழுதிக்கொள்வது நல்லது.

அக்டோபர் 27

மழை. பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் ஓதம். உடனே பெயின்டரைக் கூப்பிட்டால் பணம் வீண், அடுத்த மழைக்கு மறுபடி உரியும். முதலில் தண்ணீர் வரும் வழியைப் பிரித்தறிய வேண்டும். பாத்ரூமுக்குப் போகும் வால்வை இரண்டு நாள் மூடுங்கள், பாத்ரூமைப் புழங்கவும் வேண்டாம். ஈரம் குறைந்தால் வால்வை மட்டும் திறந்துவிடுங்கள். மறுபடி ஈரம் வந்தால் சுவருக்குள் போகும் பைப்பில் கசிவு. வரவில்லையென்றால் நஹானி டிராப்பை, அதாவது தரைத் தண்ணீர் வடியும் வாயை, துணியால் அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். ஈரம் திரும்பினால் டைல் இடுக்கு அல்லது டிராப்பின் கழுத்து. இடுக்கில் பழைய கலவையைச் சுரண்டி எடுத்துவிட்டு தண்ணீர் புகாத எபாக்சி பசைக் கலவையை அடைக்க வேண்டும், மேலே பூசினால் நிற்காது. எந்த வால்வையும் தொடாமலே மழைக்கு மட்டும் ஈரம் ஏறினால் வெளிச்சுவர் விரிசலையும் சன்ஷேடையும் பாருங்கள்.

மூன்றுமே கட்டட ரிப்பேர், வீட்டுக்காரர் செலவு. ஆனால் சுவர் நனைந்ததைக் குடியிருப்பவர் சொல்லாமல் பீரோவால் மறைத்து வைத்தால், பிறகு வரும் சேதத்தில் அவர் வாதம் எடுபடாது. பார்க்க வருகிற வீட்டுக்காரரும் முதல் நாளே சொல்லிவிட்டுப் பகலில் வரவேண்டும். மாற்றுச் சாவி இருக்கிறதென்று திறந்துகொண்டு போவது தகாது.

ஜனவரி 12, 2025

வருமான வரிச் சலுகைக்காகக் கம்பெனிகள் ஊழியர்களிடம் வாடகை ரசீது கேட்கும் மாதம். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும். ஜனவரியில் போய்க் கேட்டால் முகம் சுளிப்பார்கள். குடிவரும்போதே அக்ரிமென்டில் எழுதி வாங்குவதுதான் வழி. வாடகை ஏற்றவும் இதேபோல் முன்னறிவிப்பு வேண்டும்: எழுத்தில், மூன்று மாதம் முன்னால்.

மார்ச் 30

காலி செய்யும் நாள். பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பது சென்னை வழக்கம். வெள்ளையடிப்பு வீட்டுக்காரர் பொறுப்பு என்கிற சட்டத்தோடு இது ஒட்டாது. கேட்கவேண்டியது சேதத்துக்கு: ஆணியால் பெயர்ந்த பூச்சு, கிரேயான் கிறுக்கல், எண்ணெய் படிந்த சமையலறைச் சுவர். அந்தச் சுவருக்கு மட்டும் பெயின்டரிடம் விலை வாங்கிக் காட்டுங்கள். வெயிலில் மங்கிய நிறம் கணக்கில் வராது.

கடைசி கரண்ட் பில் வரும்வரை அட்வான்ஸை நிறுத்திவைக்கவும் தேவையில்லை. அன்றைய ரீடிங்கைப் படம் எடுத்து, போன பில்லின் சராசரி விலையால் பெருக்கிக் கழித்துக்கொண்டு, மீதியை அனுப்பிவிடலாம். சாவி எத்தனை வாங்கினார்களோ அத்தனையும் எண்ணி வாங்கிய பிறகு.