லிட்டரை மட்டும் பார்த்து டீப் ஃப்ரீசர் வாங்க வேண்டாம்

தீபாவளிக்கு நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஒரு கிடாயை வாங்கி அறுத்துக் கூறு போட்டுக்கொள்ளும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. பக்ரீத் சமயத்தில் குர்பானிக் கறி வந்து சேரும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை தொடங்கிவிட்டால் மீன் விலை ஏறிவிடும் என்பதால், அதற்கு முன்பே வாங்கி வைக்க நினைப்பவர்களும் உண்டு. முன்பெல்லாம் மிஞ்சிய கறியை உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்து உப்புக்கண்டம் போட்டார்கள். இப்போது பல வீடுகளில் அந்த வேலையை டீப் ஃப்ரீசர் செய்கிறது. எங்கள் வீட்டுக்கு ஒன்று வாங்கியபோதும், பிறகு உறவினர்களுக்காகக் கடைகளுக்குத் துணைக்குப் போனபோதும், விற்பனையாளர்கள் எடுத்த எடுப்பில் சொன்னது லிட்டர் கணக்கைத்தான். ஆனால் இறைச்சி வைப்பதற்கு வாங்குகிறவர்கள் அதற்கு முன்பே கேட்க வேண்டியவை இரண்டு: இந்தப் பெட்டி எவ்வளவு வேகமாக உறையவைக்கும், கரண்ட் போனால் எவ்வளவு நேரம் குளிரைப் பிடித்து வைத்திருக்கும்.

வேகம் ஏன் முக்கியம் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இறைச்சியின் பெரும்பகுதி நீர்தான். அந்த நீரில் பெரும்பங்கு மைனஸ் 1 டிகிரிக்கும் மைனஸ் 5 டிகிரிக்கும் இடையில் பனிக்கட்டியாகிறது. இந்தக் கட்டத்தைக் கறி மெதுவாகக் கடந்தால் பெரிய பனிப்படிகங்கள் உருவாகித் தசையின் செல்களைக் கிழித்துவிடுகின்றன. சமைப்பதற்காக வெளியே எடுத்து வைத்த கறியிலிருந்து சிவந்த நீர் வடிந்து பாத்திரத்தின் அடியில் தேங்குவதும், வெந்த பிறகு கறி சாறில்லாமல் சக்கையாக இருப்பதும் பெரும்பாலும் இதன் விளைவுதான். எனவே 24 மணி நேரத்தில் எத்தனை கிலோவை உறையவைக்க முடியும் என்ற அளவைப் பெட்டியில் ஒட்டியிருக்கும் தகவல் பட்டையிலோ கையேட்டிலோ தேடிப் பாருங்கள். அது 10 கிலோ என்றால், பெட்டியில் இடம் இருக்கிறது என்பதற்காக 25 கிலோ கறியை ஒரே நாளில் அடுக்கக் கூடாது. அப்படி அடுக்கினால் நடுவில் இருக்கும் பொட்டலங்கள் உறைவதற்கு வெகுநேரம் ஆவதோடு, ஏற்கெனவே உறைந்திருப்பவையும் இளகத் தொடங்கும்.

அதே பட்டையில் ஆங்கில எழுத்தில் தட்பவெப்ப வகுப்பு ஒன்றும் அச்சிடப்பட்டிருக்கும். ‘என்’ என்றால் சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரி வரையிலும், ‘எஸ்டி’ என்றால் 38 வரையிலும், ‘டி’ என்றால் 43 வரையிலும் பெட்டி ஒழுங்காக வேலை செய்யும் என்று பொருள். வேலூரிலும் கரூரிலும் திருச்சியிலும் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் வருகின்றன. நம் ஊருக்கு ‘டி’ வகுப்பைத் தவிர வேறொன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃப்ரிட்ஜில் இருக்கும் ஃப்ரீசரே போதாதா என்று கேட்பவர்கள் அதற்குள் இருக்கும் நட்சத்திரக் குறிகளைப் பார்க்க வேண்டும். ஒரு நட்சத்திரம் மைனஸ் 6 டிகிரியையும், இரண்டு மைனஸ் 12 டிகிரியையும், மூன்று மைனஸ் 18 டிகிரியையும் குறிக்கும். கதவில் பெரிதாக ஒட்டப்பட்டிருக்கும் மின்சிக்கன நட்சத்திரங்களுக்கும் இவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மாதக்கணக்கில் கறி வைக்க மைனஸ் 18 டிகிரி அவசியம்.

மேல்மூடி திறக்கும் பெட்டியா, அலமாரி போல் நிற்கும் பெட்டியா என்ற கேள்விக்கு, கறிக்கும் மீனுக்கும் மேல்மூடிப் பெட்டியே சிறந்தது என்பது என் முடிவு. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் மூடியைத் திறந்தாலும் அது பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடுகிறது; நிற்கும் பெட்டியில் கதவைத் திறந்தவுடன் கால் பக்கமாக வழிந்துவிடுகிறது. தானாகப் பனி நீக்கும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை வசதியானதுதான். ஆனால் அதில் விசிறிக் காற்று ஓடிக்கொண்டே இருப்பதாலும், பனியை உருக்க அவ்வப்போது சூடு உண்டாக்கப்படுவதாலும், சரியாகக் கட்டாத கறி சீக்கிரம் காய்ந்துபோகும். கறியின் ஓரத்தில் வெளிறிச் சாம்பல் பூத்ததுபோல் தெரியும் திட்டுகள் அப்படிக் காய்ந்துபோனதன் அடையாளம். அதைச் சாப்பிடுவதால் கெடுதல் இல்லை, ஆனால் ருசி போய்விடும். மேல்மூடிப் பெட்டியின் குறை, அடியில் கிடப்பதை எடுக்க முதுகு வளைய வேண்டும் என்பது. வயதான அத்தையும் மாமாவும் மட்டும் இருக்கும் வீட்டுக்கு நான் நிற்கும் பெட்டியைத்தான் சொன்னேன். ஐஸ்கிரீம் கடையில் இருப்பது போன்ற கண்ணாடி மூடி வீட்டுக்கு வேண்டாம். அதன் வழியாக வெப்பம் எளிதில் உள்ளே போகும்.

அளவைப் பொறுத்தவரை, 28 லிட்டர் இடத்தில் ஏறத்தாழ 16 கிலோ இறைச்சியை நெருக்கி அடுக்கலாம் என்பது பொதுவான கணக்கு. எலும்புக்கறியும் மீனும் அவ்வளவு நெருங்கி உட்காராது. அப்படிப் பார்த்தாலும் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 100 முதல் 150 லிட்டர் தாராளம்.

மின்சாரத்துக்கு வருவோம். நிறைந்திருக்கும் ஃப்ரீசரைத் திறக்காமல் விட்டால் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்திருந்தால் சுமார் 24 மணி நேரமும் குளிர் நிற்கும் என்பது பொது விதி. நம் வெயிலுக்கு இதைவிடக் குறைத்தே கணக்கிடுவது நல்லது. 2016 டிசம்பரில் வர்தா புயலின்போதும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. காலியிடத்தில் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை வைத்து உறையவிட்டால், அத்தகைய நேரத்தில் அவையே குளிரைக் காக்கும். மின்சாரம் வந்த பிறகு கறியில் பனித்துகள்கள் மிச்சமிருந்தால் மறுபடி உறையவைக்கலாம். முற்றிலும் இளகிச் சூடேறியிருந்தால் தயங்காமல் கொட்டிவிட வேண்டும். கட்டணத்தையும் யோசிக்க வேண்டும். நாளுக்கு ஒரு யூனிட் என்றாலே இரண்டு மாதக் கணக்கில் 60 யூனிட் கூடும். தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படிநிலையே மாறிவிடுகிறது என்பதால், அந்த எல்லையை ஒட்டி நிற்கும் வீடுகள் தகவல் பட்டையில் உள்ள ஆண்டு யூனிட் அளவைப் பார்த்தே மாடலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெட்டி எவ்வளவு நல்லதானாலும் கறியை வைக்கும் முறை சரியாக இருக்க வேண்டும். அறுத்த சூட்டோடு வரும் கறியை உடனே உறையவைத்தால் தசை இறுகி ரப்பர் போலாகிவிடும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்துப் பிறகு மாற்றுவது நல்லது. ஒரு வேளைச் சமையலுக்கு வேண்டிய அளவைத் தடித்த பாலிதீன் பையில் போட்டு, காற்றை நீவி வெளியேற்றி, ஓர் அங்குல உயரத்துக்குத் தட்டையாக்கித் தேதி எழுதி வையுங்கள். தட்டையான பொட்டலம் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். ஆட்டுக்கறித் துண்டுகள் ஆறு மாதத்துக்குக் குறையாமல் நன்றாக இருக்கும். கொத்துக்கறியையும் ஈரலையும் மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மத்தி, அயிலை போன்ற கொழுப்பு மீன்கள் இரண்டு மூன்று மாதத்திலேயே காறல் வாடை அடிக்கத் தொடங்கும் என்பதால், தடைக்காலத்துக்கென்று வாங்குபவர்கள் கொடுவா, சங்கரா போன்றவற்றை வாங்குவது மேல். மொத்தமாக வாங்கும் ரவையையும் மாவையும் நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் வண்டின் முட்டைகள் அழிந்துவிடும். அதற்குப் பிறகு காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

கடையில் பணம் கட்டுவதற்கு முன் ஒரு தாளை மூடிக்கும் ரப்பர் விளிம்புக்கும் நடுவில் வைத்து மூடி, நான்கு பக்கமும் இழுத்துப் பாருங்கள். எந்தப் பக்கத்திலாவது தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் வேறு பெட்டியை இறக்கச் சொல்லிக் கேளுங்கள்.