மார்கோ ராய்ஸை வழியனுப்ப ஏற்காடு போனோம்

2024 மே 18, சனிக்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு சேலம் அஸ்தம்பட்டியில் நான்கு பேர் சேர்ந்தோம். மூன்று பேர் மஞ்சள் ஜெர்சியில். கோவையிலிருந்து வந்தவன் மட்டும் வேலை முடிந்து அப்படியே பஸ் ஏறிவிட்டதால் கட்டம் போட்ட சட்டையில் நின்றான். அவனுக்காக என் பையில் ஒன்று வைத்திருந்தேன். ஜெர்மனியின் கால்பந்து கிளப்பான பொருசியா டார்ட்மண்டின் 2012-13 சீசன் ஜெர்சி, முதுகில் 11, அதற்கு மேல் ராய்ஸ் என்ற பெயர். கல்லூரி நாட்களில் பிளாட்பாரக் கடையில் வாங்கியது. துவைத்துத் துவைத்து 11-ல் ஒரு ஒன்றின் கால் பாதி உரிந்து போயிருந்தது. அவன் அதைக் கையில் வாங்கி, உரிந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தான். சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டான்.

அன்று மாலை நம் நேரப்படி ஏழு மணிக்கு, ஜெர்மனியில், டார்ட்மண்ட் வீரர் ராய்ஸ் அந்த கிளப்பின் சொந்த மைதானத்தில் கடைசி முறையாக ஆடப் போகிறார். சீசன் முடிந்ததும் விலகுகிறார் என்ற செய்தி மே 3-ஆம் தேதியே வந்துவிட்டது. எங்கள் குழுவில் அன்றைக்கு விழுந்த முதல் மெசேஜ், "எங்க இருந்தாலும் சேர்ந்து பாக்கணும்டா." எங்கே பார்ப்பது என்று யாரும் கேட்கவில்லை. மாமா வீடுதான்.

மாமா என்பது எங்களில் ஒருவனுடைய தாய்மாமா. ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கிறார். 2013 மே 25 அன்று லண்டன் வெம்ப்லியில் டார்ட்மண்டும் பேயர்ன் முனிச்சும் மோதிய சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கோப்பை) இறுதிப் போட்டியை அவர் வீட்டு டிவியில்தான் பார்த்தோம். இங்கே நள்ளிரவு பன்னிரண்டே காலுக்கு ஆட்டம் ஆரம்பம். பேயர்ன் முதல் கோல் போட்டது. ராய்ஸை பேயர்னின் டான்டே உதைத்துக் கீழே தள்ள, பெனால்டி கிடைத்து எங்கள் குண்டோகன் சமன் செய்தார். 89-வது நிமிடத்தில் பேயர்னின் ராபன் போட்ட கோலோடு எல்லாம் முடிந்தது. அன்று தூங்காமல் விடிய விடிய திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். மாமா கருப்புக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, "அடுத்த வருசம் பாத்துக்கலாம் விடுங்கப்பா" என்றார்.

ஏற்காடு பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமான மாதம் அது, அதனால் கூட்டம் ஏற்காட்டுப் பக்கம். மே மாத சீசன் வேறு. கோரிமேட்டைத் தாண்டும்போது, சில வாரங்களுக்கு முன் மலைப்பாதையில் பஸ் கவிழ்ந்ததைச் சொல்லி அம்மா போனில் பத்திரம் சொல்லிக்கொண்டே இருந்தார். டிரைவர் நிதானமாகத்தான் ஓட்டினார். இருபது கொண்டை ஊசி வளைவுகள். பத்தைத் தாண்டியதும் ஜன்னல் வழியாகக் குளிர்காற்று வந்தது, கூடவே மழை வாசமும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும் தோட்டங்கள் தொடங்கின. அப்பா இரும்பாலையில் ஷிப்ட் போன காலத்தில், லீவு கிடைத்தால் எங்களைக் கூட்டிவருவது இந்த மலைக்குத்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சேலத்துப் பையன் ஒருவன் ஏன் டார்ட்மண்ட் பக்கம் போனான் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். என்னைச் சுற்றியிருந்தவர்கள் எல்லாம் இங்கிலாந்து கிளப்புகளை ஆதரித்தார்கள். நான் பள்ளியில் படிக்கும்போது ஏதோ ஒரு பத்திரிகையில், டார்ட்மண்ட் நிலக்கரிக்கும் இரும்புக்கும் பேர்போன ஊர் என்று இரண்டு வரி இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. அங்கிருந்த ஃபீனிக்ஸ் இரும்பு ஆலையை மூடி, பிரித்துக் கப்பலேற்றி சீனாவுக்கு அனுப்பிவிட்டு, அந்த நிலத்தில் ஒரு ஏரியே வெட்டிவிட்டார்கள் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. ஆலை போன பிறகும் அந்த ஊர் சனிக்கிழமையானால் மைதானத்துக்குப் போகிறது. தெற்குப் பக்க ஸ்டாண்டில் மட்டும் சுமார் 25,000 பேர் நின்றுகொண்டே பார்க்கிறார்கள். மஞ்சள் சுவர் என்று அதற்குப் பெயர். உலகத்திலேயே நான் நேரில் போய் நிற்க ஆசைப்படும் இடம் அது ஒன்றுதான்.

ராய்ஸ் அந்த ஊரில் பிறந்தவர். சின்னப் பையனாக அந்த கிளப்பில் சேர்ந்து, பதின்வயதில் வெளியே போய், மூன்றாவது டிவிஷன் எல்லாம் பார்த்துவிட்டு 2012-ல் திரும்பி வந்தவர். அவர் வந்த பிறகு கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். 2013-ல் கோட்சே, 2014-ல் லெவண்டோவ்ஸ்கி, 2016-ல் கேப்டன் ஹம்மல்ஸ். மூவரும் போனது அதே பேயர்னுக்கு. இவர் போகவில்லை. 2014 ஜூன் 6 அன்று அர்மேனியாவோடு நடந்த நட்பு ஆட்டத்தில் கணுக்கால் காயம்பட்டு உலகக் கோப்பையே கைவிட்டுப் போனது. இறுதிப் போட்டியில் ஜெர்மனிக்காக வெற்றி கோலைப் போட்ட கோட்சே, மேடையில் ராய்ஸின் 21-ஆம் எண் ஜெர்சியைத் தூக்கிப் பிடித்து நின்றார். அந்தப் படம் நெடுநாள் என் லேப்டாப் திரையில் இருந்தது. 2023 மே 27 இன்னும் கொடுமை. சொந்த மைதானத்தில் மைன்ஸ் அணியை ஜெயித்தால் ஜெர்மன் லீக் கோப்பை. 2-2. பேயர்னும் டார்ட்மண்டும் 71 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் கோப்பை முனிச்சுக்குப் போனது. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏரி, படகு, பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட் என்று ஏற்காட்டைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நாங்கள் எதையும் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தோட்டத்துப் பாதையில் முக்கால் மணி நேரம் நடந்தோம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. அஸ்தம்பட்டியில் பார்சல் வாங்கிய தட்டுவடை செட் ஈரமாகிவிடும் என்று அதை ஒருவன் ஜெர்சிக்குள் வைத்து அணைத்துக்கொண்டே வந்தான். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால், பீட்ரூட் துருவல் ஜெர்சியின் மஞ்சளில் ஒரு கையகலத்துக்கு இறங்கியிருந்தது.

மாமா வாசலிலேயே நின்றிருந்தார். தலை நரைத்துவிட்டது. "அந்தாளு இன்னுமா ஆடிட்டு இருக்காரு?" என்றார். பதினொரு வருடம் முன்பு பார்த்த ஆட்டக்காரரை அவர் நினைவில் வைத்திருந்ததே எனக்குப் பெரிதாக இருந்தது.

ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. எதிரணி டார்ம்ஸ்டாட், ஏற்கெனவே கீழ் டிவிஷனுக்குத் தரமிறக்கம் உறுதியான அணி. ஆட்டத்தைப் பொறுத்தவரை எதுவும் பணயத்தில் இல்லை. ஆனால் 81,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அன்று மைதானத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் ராய்ஸ் தன் செலவில் ஆளுக்கொரு பியர் வாங்கிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். கல்யாண வீட்டில் பந்தி முடியும் வரை நின்று கவனிக்கும் பெரிய மனிதரைப் போல. ஊருக்கு நன்றி சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

இருபத்தைந்தாவது நிமிடம் போல் கரண்ட் போனது. மழைக்கு மலையில் இது வழக்கம்தான். டிவி அணைந்ததும் கோவைக்காரன் போனை எடுத்தான், நான் ஹாட்ஸ்பாட் போட்டேன். ஐந்து தலைகளும் ஆறு அங்குலத் திரைமேல் குவிந்தன, மாமாவின் தலையும் சேர்த்து. சுற்றிச் சுற்றி வந்த வட்டம் நின்றபோது ஸ்கோர் 1-0. ராய்ஸ் கொடுத்த பந்தில் மாட்சன் கோல் அடித்திருந்தார். அதை ரீப்ளேயில்தான் பார்த்தோம்.

அப்புறம் 38-வது நிமிடம். பெட்டிக்கு வெளியே ஃப்ரீ கிக். ராய்ஸ் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நகர்கிறார். அந்த நேரம் பார்த்து திரையின் மேலே ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. லீவு கிடைக்காமல் பெங்களூரிலேயே இருந்துவிட்ட எங்கள் ஐந்தாவது நண்பன். "அழுதுட்டேன்டா." அவ்வளவுதான் எழுதியிருந்தான். எங்கள் ஸ்ட்ரீம் அவனுடையதைவிட அரை நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ராய்ஸ் இன்னும் பந்தைத் தொடவில்லை. ஆனால் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. யாரும் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் என் முழங்கையைப் பிடித்தான். இரண்டு எட்டு எடுத்து வைத்து அவர் உதைத்தார். தடுப்புச் சுவரைக் கடந்து வளைந்து, பந்து வலைக்குள்.

முன்கூட்டியே தெரிந்து பார்த்ததால் சுவை குறைந்துவிட்டதா என்று பின்னால் யோசித்திருக்கிறேன். இல்லை. நடக்குமா நடக்காதா என்ற பதற்றம் இல்லாமல், அந்த அரை நிமிடமும் அவருடைய முகத்தை மட்டுமே பார்த்தேன். பந்தைப் பார்க்கவில்லை. முப்பத்தைந்தை நெருங்கிய முகம். என் பதினெட்டு வயதிலிருந்து நான் பார்த்து வந்த முகம்.

இடைவேளைக்குப் பிறகு பிராண்ட், கடைசியில் மாலன். 4-0. ஆட்டம் முடியும் கட்டத்தில் ராய்ஸை வெளியே அழைத்தார்கள். மொத்த மைதானமும் எழுந்து நின்று கைதட்டியது. தெற்கு ஸ்டாண்ட் எப்போதும் நின்றுகொண்டுதான் இருக்கும், அதனால் அவர்கள் கைகளை மேலே தூக்கினார்கள். டார்ட்மண்டுக்காக மொத்தம் 429 ஆட்டங்கள், 170 கோல்கள், 2017-லும் 2021-லும் ஜெர்மன் கோப்பை. லீக் கோப்பை ஒன்றுகூட இல்லை. ஜெயித்துவிட்டுப் போகிறவரை வழியனுப்ப ஊரே திரண்டு வருவதில் ஆச்சரியமில்லை. ஜெயிக்காதவருக்காக ஒரு ஊர் இப்படி அழுததை அன்றுதான் பார்த்தேன். மெஸ்ஸி 2021-ல் பார்சிலோனாவை விட்டுப் போனபோது மைதானத்தில் வைத்து அவரை வழியனுப்ப ரசிகர்களுக்கு வாய்ப்பே அமையவில்லை. அந்தக் குறை இவருக்கு இல்லாமல் போனதில் எனக்கு அவ்வளவு நிம்மதி.

ஒன்பது மணிக்கு மேல் மழை விட்டது. தோட்டத்துப் பாதை மெயின் ரோட்டில் சேரும் இடத்தில் ஒரு டீக்கடை திறந்திருந்தது. வேன் டிரைவர்கள் நாலைந்து பேர், குழந்தையோடு ஒரு குடும்பம், பெஞ்சில் இரண்டு பெரியவர்கள். கோவைக்காரன் திடீரென்று, "அண்ணா, இங்க இருக்கற எல்லாருக்கும் டீ, பஜ்ஜி நம்ம கணக்கு" என்றான்.

டீ மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "என்னங்க தம்பி, ஏதாச்சும் விசேசமா?"

"எங்க டீம்ல ஒருத்தரு கௌம்புறாருங்கண்ணா. பன்னெண்டு வருசம் ஆடினவரு. அவரு அங்க எல்லாருக்கும் வாங்கிக் குடுத்தாரு. அதான்."

"பெரிய கப்பெல்லாம் நெறைய ஜெயிச்சாரா?"

இவன் கொஞ்சம் தயங்கினான். "லீக் கப்பு ஒண்ணு கூட இல்லீங்கண்ணா. பக்கத்துல வந்து வந்து போயிருச்சு. கூட ஆடுனவங்க எல்லாம் ஜெயிக்கிற டீமுக்குப் போய்ட்டாங்க. இவரு போகல."

"எந்த ஊருங்க அவருக்கு?"

"அந்த டீம் இருக்கற ஊரேதாங்க."

மாஸ்டர் டீயை ஒரு இழுப்பு இழுத்து ஆற்றினார். "அப்ப எங்க போவாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த டம்ளரை எடுத்தார். மாமா அதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவரும் அந்தத் தோட்டத்துக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது. மொத்தம் பதினாலு டீ, குழந்தைக்கு ஒரு பால். பஜ்ஜி சட்டியில் இருந்தது அத்தனையும் காலி.

மறுநாள் காலை இறங்கினோம். அடிவாரத்தில் மல்கோவா வாங்கினோம். கோவைக்காரன் ஜெர்சியைக் கழற்றித் தர வந்தான், வைத்துக்கொள் என்றேன். ஜூன் 1 அன்று மறுபடியும் வெம்ப்லியில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி, எதிரணி ரியல் மாட்ரிட். கார்வஹால், வினிசியஸ் போட்ட கோல்களில் 0-2. ராய்ஸ் இரண்டாம் பாதியில் மாற்று வீரராக இறங்கினார். அன்று நாங்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்தோம். அந்த இரவைப் பற்றி எனக்கு எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்டில் அவர் அமெரிக்காவுக்கு, லாஸ் ஏஞ்சலிஸ் கேலக்சிக்குப் போனார். டிசம்பர் 7 அன்று அந்த அணி அமெரிக்க லீக் கோப்பையை வென்றது. இங்கே விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு எனக்குப் போன் வந்தது, மாமாதான். மருமகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாராம்.

"உங்காளு ஜெயிச்சுட்டாராமே?"

"ஆமாங்க மாமா."

"டீக்கடைல சொல்லிட்டேன். பழம் பறிக்கிற சமயம், கையில வேல இருக்குது. பொங்கலுக்கு வாங்க எல்லாரும்."