வேகமான ரேம் வாங்குவதற்கு முன்

புது ரேம் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பிரவுசர், டைப்பிங், வீடியோ என்று அன்றாட வேலைக்கு ரேம் வேகத்தைக் காட்டும் எண் 3200-ஆ 3600-ஆ என்ற வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. 8 ஜிபி நிரம்பித் திணறும் கம்ப்யூட்டருக்குத் தேவை வேகம் இல்லை, இடம். 16 ஜிபி ஆக்கினாலே மூச்சு விடும்.

கேம் விஷயம் வேறு. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்டு 4கே-யில் ஆடினால் சுமை பெரும்பாலும் கார்டின் மேல்தான், ரேம் வேகம் பெரிதாக எதையும் மாற்றாது. 1080பி-யில், பிராசஸர் திணறும் கேம்களில் ஓரளவு பலன் உண்டு. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸில் ஆடுபவர்களுக்குத்தான் உண்மையான லாபம். அதற்கென்று தனி மெமரி கிடையாது, இருக்கிற ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. அங்கே ஒரே ஸ்டிக்குக்குப் பதில் இரண்டு போட்டு டூயல் சேனல், அதாவது டேட்டா இரண்டு பாதையில் போகும்படி ஆக்குங்கள். டிடிஆர்4-3200 வகை ரேமில் நொடிக்கு 25.6 ஜிபி டேட்டா என்ற உச்ச அளவு 51.2 ஆகிவிடும்!

பெட்டியில் இருக்கும் பெரிய எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். கேட்ட டேட்டாவை ரேம் கொடுக்கத் தொடங்கும் வரை ஒரு தாமதம் உண்டு; அதை ரேமின் கடிகாரத் துடிப்புகளில் சொல்வதுதான் சிஎல் எண். 3200 சிஎல்16, 6000 சிஎல்30 இரண்டிலும் அந்தத் தாமதம் 10 நானோ நொடிதான்.

அப்புறம், பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்ஸ் பக்கம்) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ, அதாவது ரேமைப் பெட்டியில் சொன்ன வேகத்தில் ஓட வைக்கும் செட்டிங், ஆன் ஆகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அதை ஆன் செய்யும் வரை பல 3200 ரேம்கள் 2133-லேயே ஓடிக்கொண்டிருக்கும்.